ஆன் ஆர்பரில் ஒரு சனிக்கிழமை: பந்தைத் தொடாதவர்களின் ஆட்டம்

தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் சிகாகோவிலிருந்து, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு ரயிலில் போவதாக இருந்தால் டிக்கெட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். அந்த ஆண்டு மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் மோதும் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் ஆன் ஆர்பரில் என்றால் இன்னும் சீக்கிரம். 2023 நவம்பரில் நான் ஏறியபோது பெட்டி முழுக்க நீலமும் மஞ்சளும்தான். ரயிலின் பெயர் வுல்வரின். மிச்சிகன் அணியின் பட்டப்பெயரும் அதுதான்.

இண்டியானாவின் இரும்பாலைகளைத் தாண்டியதும் வழி சட்டென்று கிராமமாகிவிடும். அறுவடை முடிந்த சோள வயல், மொட்டை மரங்கள், சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். கலமசூ வந்தது. அப்புறம் பேட்டில் கிரீக். காலை உணவுக்குப் பாலில் கொட்டிச் சாப்பிடும் கார்ன் பிளேக்ஸ் பிறந்த ஊர். பார்க்க அவ்வளவுதான். எனக்குச் சுவாரசியமாக இருந்தது முன்சீட்டில் அப்பாவும் மகனும் போட்ட சண்டை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் மிச்சிகனுக்கு வருவானா, வேறு கல்லூரிக்குப் போய்விடுவானா என்பதுதான் விவகாரம். அவர்கள் அவனை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவன் உயரம், எடை, நாற்பது கஜம் ஓட எடுக்கும் நேரம் எல்லாம் அத்துப்படி.

இதுதான் ரெக்ரூட்டிங். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் களத்துக்கு வெளியே நடக்கும் இன்னொரு ஆட்டம். (இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்போதைக்கு இது போதும்.) பள்ளியில் விளையாடும் பையன்களுக்கு இதற்கென்றே இருக்கும் நிறுவனங்கள் நட்சத்திரம் கொடுக்கின்றன. ஐந்து நட்சத்திரம் என்றால் நாட்டிலேயே முப்பது பேருக்கு மேல் சொற்பம்தான் தேறுவார்கள். அவர்களை இழுக்கப் பெரிய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் வீடு தேடிப் போய் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கடைசியில் பையன் ஒரு மேஜையில் நான்கைந்து கல்லூரித் தொப்பிகளை அடுக்கிவைத்து, கேமராக்களுக்கு முன்னால் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வான். ஓர் ஊர் ஆடும், இன்னோர் ஊர் அழும்.

இந்த நட்சத்திரக் கணக்கை முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். மொத்தமாகப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. நட்சத்திரங்களை அள்ளிக் குவிக்கும் அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட் போன்றவைதான் பெரும்பாலும் மேலே நிற்கின்றன. தனி ஆளை எடுத்துப் பார்த்தால்தான் இடிக்கும். பேக்கர் மேஃபீல்ட் உதவித்தொகை இல்லாமல், தானாகப் போய் அணியில் சேர்ந்த ‘வாக்-ஆன்’. 2017-இல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையே வாங்கினார். ஜார்ஜியாவின் ஸ்டெட்சன் பென்னட்டும் வாக்-ஆன்தான். அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள். இதே ஆன் ஆர்பரில் படித்து, பின்னாளில் ஜாம்பவானான டாம் பிரேடியை 2000-ஆம் ஆண்டு தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு முன்னால் 198 பேர் போய்விட்டார்கள்.

ஆன் ஆர்பர் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே 1886-இல் கட்டிய பழைய கல் ஸ்டேஷன். இப்போது அது உணவகம். கல்லூரிக்கால நண்பன் கார்த்தி வந்து கூட்டிப்போனான். அன்று மாலை பல்கலைக்கழகத்தின் நடுச் சதுக்கத்தில் சுற்றினோம். தரையில் பித்தளையில் பெரிதாக ‘எம்’ எழுத்து பதித்திருக்கிறது. முதல் பரீட்சைக்கு முன்னால் அதை மிதித்தால் ஃபெயில் என்று மாணவர்களிடையே நம்பிக்கை. பரீட்சையெல்லாம் முடித்து இருபது வருஷமான நானும் அதைச் சுற்றித்தான் போனேன்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். ஆனால் காலை எட்டுக்கே எதிரேயுள்ள கோல்ஃப் மைதானத்திலும் பக்கத்துப் பள்ளியின் கார் நிறுத்தத்திலும் கார் டிக்கியைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டிவிட்டார்கள். டெயில்கேட் என்பது இதுதான். யார் என்று கேட்காமல் தட்டில் சாசேஜை வைத்துவிடுகிறார்கள். ஒஹாயோவின் சிவப்புச் சட்டைக்காரர்களுக்கும் கிடைக்கிறது, கொஞ்சம் வசவோடு. இரண்டு மாநிலங்களும் 1830-களில் டொலீடோ நகரம் யாருக்கு என்று படை திரட்டி நின்றவை. டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. பாக்கியை நவம்பர்தோறும் தீர்த்துக்கொள்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் மிச்சிகன் ஸ்டேடியம் ஏமாற்றும். 1927-இல் திறந்த இதைப் பெரும்பாலும் தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். வாசலுக்குள் நுழைந்து நாலு எட்டு வைத்ததும் காலடியில் திடீரென்று பெரிய கிண்ணம் விரிகிறது. 1,07,601 பேர் உட்காரலாம். 1975-இலிருந்து ஒரு லட்சத்துக்குக் குறையாத கூட்டம் என்பது இவர்களுடைய பெருமை. (கொரோனா ஆண்டை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.) அன்று 1,10,615 பேர். நாற்காலி கிடையாது, அலுமினியப் பெஞ்சுதான். குளிருக்கு எல்லோரும் இரண்டு மடங்கு பருத்திருந்ததால் ஒருவர் மூச்சுவிட்டால் வரிசையே அசைந்தது.

எங்களுக்குக் கிடைத்தவை மலிவான சீட்டுகள். கோல் கம்பத்துக்குப் பின்னால், உச்சியில். முதலில் எனக்கு எரிச்சல்தான். எத்தனை கஜம் ஓடினார்கள் என்பதே அங்கிருந்து தெரியாது. ஆனால் வேறொன்று தெரிந்தது. டிவி கேமரா பக்கவாட்டிலிருந்து பந்தைத் துரத்தும். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும் லைன்மேன்களுக்கு நடுவே வாசல் திறப்பதும் மூடுவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

“பந்தைப் பாக்காத, அந்த அஞ்சு தடியனுங்களப் பாரு,” என்றான் கார்த்தி.

அந்த ஐந்து பேர்தான் அஃபென்சிவ் லைன், எதிரணியைத் தடுத்துத் தன் ஆளுக்கு வழி திறக்கும் முன்வரிசை. ஒவ்வொருவரும் நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ. பந்தைத் தொடுவதே இல்லை, நடுவில் இருப்பவர் பின்னால் தள்ளிவிடுவதைத் தவிர. மிச்சிகன் இந்த வரிசையை நம்பியே பிழைத்த அணி. அதற்கு இரண்டு வாரம் முன்பு பென் ஸ்டேட்டுக்கு எதிராகத் தொடர்ந்து 32 முறை பந்தை வீசாமல் ஓடியே ஜெயித்திருந்தார்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி ஐந்து நட்சத்திர ஆள். அவரை வைத்துக்கொண்டே இப்படி ஓடினார்கள்! தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அன்று மைதானத்திலேயே இல்லை. எதிரணிகளின் சைகைகளை முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பதிவு செய்த விவகாரத்தில் மூன்று ஆட்டங்களுக்குத் தடை. நடந்தது சரியில்லைதான். மிச்சிகன் ரசிகர்களிடம் இதைப் பேசினால் டெயில்கேட்டில் சாசேஜ் கிடைக்காது. அவருக்குப் பதிலாக நின்ற ஷெரோன் மூர்தான் அந்த லைனின் பயிற்சியாளர்.

முதல் பாதி 14-10, மிச்சிகன் முன்னிலை. மூன்றாம் கால்பகுதியில் 17-17 என்று ஒஹாயோ சமன் செய்தது. அதன்பின் மிச்சிகன் பந்தோடு நகர்ந்துகொண்டிருந்தபோது வலது கார்ட் (லைனில் நடு ஆளுக்கு வலப்பக்கம் நிற்பவர்) ஸாக் ஸின்டர் விழுந்தார். கால் எலும்புகள் முறிந்துவிட்டன. அணியே களத்துக்குள் வந்து சுற்றி நின்றது. ஒரு லட்சம் பேர் இருந்த இடத்தில் பேச்சு இல்லை. அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வலது டேக்கிளாக, அதாவது லைனின் வலது ஓரத்தில் இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே நகர்ந்து ஸின்டரின் இடத்தில் நின்றார், அவருடைய ஓர இடத்துக்கு டிரென்ட் ஜோன்ஸ் வந்தார். அடுத்த முயற்சியிலேயே, பிளேக் கோரம் நடுவில் திறந்த வாசல் வழியாக 22 கஜம் ஓடி டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ச் சேர்வது). எல்லைக்குள் நின்று விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். ஸின்டரின் எண் 65.

அந்த பார்ன்ஹார்ட் எங்கள் ரயில் வந்த வழியில், கலமசூவுக்குப் பக்கத்தில் பா பா என்கிற சிற்றூர்க்காரர். மூன்று நட்சத்திரம். பதினேழு வயதில் லைன்மேனை மதிப்பிடுவது ரொம்பக் கஷ்டம் என்று நினைக்கிறேன். வேகமாக ஓடுகிறவன் பதினைந்திலேயே தெரிந்துவிடுவான். லைன்மேனின் உடம்பு கல்லூரிச் சாப்பாட்டில்தான் உருவாகிறது. காலை எங்கே வைப்பது, பக்கத்தில் இருப்பவன் எப்போது நகர்வான் என்பதெல்லாம் மூன்று நான்கு ஆண்டு சேர்ந்து நின்றால்தான் வரும். அதற்கு எந்த நிறுவனமும் நட்சத்திரம் தர முடியாது.

கடைசி நிமிடத்தில் 30-24. பந்து ஒஹாயோ கையில். அவர்களிடம் மார்வின் ஹாரிசன் ஜூனியர் இருந்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றும் ஒரு டச்டவுன் பிடித்தார். அவருடைய பள்ளித் தோழர் கைல் மெக்கார்ட்தான் குவார்ட்டர்பேக். 25 விநாடி மிச்சம் இருக்கையில் மெக்கார்ட் வீசிய பந்தை மிச்சிகனின் ராட் மூர் பிடித்துவிட்டார். மூர் ஒஹாயோவில் வளர்ந்தவர், மூன்று நட்சத்திரம். சொந்த மாநிலத்துக்காரனே வந்து கதையை முடித்தான் என்று சிவப்புச் சட்டைகள் தலையில் கைவைத்தார்கள். அதற்குள் கூட்டம் சுவர் தாண்டிக் களத்தில் குதித்துவிட்டது. நாங்கள் உச்சியிலிருந்து இறங்குவதற்குள் புல்லே தெரியவில்லை.

தோற்ற மெக்கார்டை ஒஹாயோ ரசிகர்கள் திட்டியதற்கு அளவில்லை. சில நாளில் அவர், கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்து சிராக்யூஸுக்குப் போனார். 2024-இல் அங்கே 4,779 கஜம் வீசி நாட்டிலேயே முதலிடம். ஒஹாயோ இதே போர்ட்டலில் கான்ஸஸ் ஸ்டேட்டிலிருந்து வில் ஹவர்டைக் கொண்டுவந்தது. அவர்கள் அந்த ஆண்டும் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்று, பிறகு தேசியப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும். 2021-இலிருந்து அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. 2025-இலிருந்து கல்லூரியே வீரர்களுக்குப் பங்கு தரலாம், முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. பணம் வந்து எல்லாம் கெட்டுப்போயிற்று என்று பழைய ரசிகர்கள் புலம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயிற்சியாளருக்குக் கோடிகளும் காலை உடைத்துக்கொள்பவனுக்கு ஃபீஸும் சாப்பாடும் மட்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

விருதுக் கதைக்கு வருகிறேன். ஹைஸ்மன் கோப்பை 1935-இலிருந்து கொடுக்கப்படுகிறது. சிறந்த கல்லூரி வீரருக்கு என்று சொல்கிறார்கள். 2000-க்குப் பிறகு வாங்கியவர்களில் ஒரு கை விரலில் எண்ணக்கூடியவர்கள் தவிர எல்லோரும் குவார்ட்டர்பேக்குகள். தடுப்பாட்டக்காரர் என்றால் 1997-இல் மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்ஸன். 2024-இல் தாக்குதல், தடுப்பு என்று இரண்டு பக்கமும் ஆடிய டிராவிஸ் ஹன்டரை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். அஃபென்சிவ் லைன்மேன் ஒருவர்கூட வாங்கியதில்லை. 1973-இல் ஒஹாயோவின் ஜான் ஹிக்ஸ் இரண்டாவதாக வந்ததுதான் அதிகபட்சம். தேர் ஓடினால் சாமியைத்தான் கும்பிடுவார்கள், வடம் பிடித்தவனை யார் கேட்கிறார்கள்? கோப்பையின் உருவமே பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடுகிற ஆள்தான். லைன்மேன்களுக்கு அவுட்லேண்ட் விருது உண்டு. முழு லைனுக்கும் சேர்த்துத் தரும் ஜோ மூர் விருதும் உண்டு. அதை 2021, 2022 என்று அடுத்தடுத்து மிச்சிகன் வாங்கியது. எனக்குப் பிடித்த விருது அதுதான், ஒற்றை ஆளைத் தூக்கிவைக்காததால்.

2023-இல் அது வாஷிங்டனுக்குப் போனது. 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் அதே வாஷிங்டனோடுதான். ஸின்டர் இல்லாத மிச்சிகன் லைன் 303 கஜம் ஓட வழி திறந்தது. 34-13. கார்த்திக்குப் போன் செய்தேன், தொண்டை போயிருந்தது அவனுக்கு.

2023-க்கான ஹைஸ்மன் லூசியானா ஸ்டேட்டின் (எல்.எஸ்.யு.) ஜேடன் டேனியல்ஸுக்கு. இரண்டாவது மைக்கேல் பெனிக்ஸ், மூன்றாவது போ நிக்ஸ். மூவருமே கல்லூரி மாறி வந்த குவார்ட்டர்பேக்குகள். நான்காவதாக ஹாரிசன். 870 பத்திரிகைக்காரர்களும் முன்பு கோப்பை வாங்கியவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள், ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. முதல் இடத்துக்கு மூன்று புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் டேனியல்ஸைத்தான் முதலில் போட்டிருப்பேன். 40 டச்டவுன் வீசி, ஆயிரம் கஜத்துக்கு மேல் ஓடவும் செய்தவரை விட்டுவிட முடியாது. இரண்டாவது ஹாரிசன். மூன்றாவது ஸின்டர்.

ஓட்டை வீணடிக்கிறேன் என்கிறான் கார்த்தி. ஒரு புள்ளிதானேடா, போகட்டும்.