சாக்லேட் தோய்த்த ஸ்ட்ராபெரி: பூச்சை மெலிதாக்கப் பார்த்த சோதனைகள்

சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு வேண்டும், ஆனால் கேக் மாதிரி வயிற்றை அடைக்கக் கூடாது என்பவர்களுக்குச் சாக்லேட் தோய்த்த ஸ்ட்ராபெரி பொருத்தமானது. அது லேசான இனிப்பாக அமைவதும் அமையாததும் பூச்சின் கனத்தைப் பொறுத்தது. 100 கிராம் ஸ்ட்ராபெரியில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர்தான். கலோரி 32 அளவில். அதே 100 கிராம் 70 சதவீத டார்க் சாக்லேட்டில் 600 கலோரியை ஒட்டி வரும். ஆக, சாக்லேட் பூச்சு இறுகி உண்டாகும் ஓடு மெல்லியதாக, கடித்தால் சட்டென்று உடைவதாக, பழச்சாறு கசியாததாக வர வேண்டும். இந்தக் குறிப்புகள் முழுவதும் அதைச் சுற்றித்தான்.

கண்ணால் பார்த்துப் பூச்சின் கனத்தைச் சொல்ல முடியாது. தோய்ப்பதற்கு முன் ஒரு தடவை, இறுகிய பின் ஒரு தடவை என்று கிராம் தராசில் பழத்தை நிறுத்துவிட வேண்டும். 18 கிராம் பழம் ஒன்று, சாக்லேட் சிப்ஸை (கேக், பிஸ்கட்டில் போடும் சிறு சாக்லேட் துண்டுகள்) உருக்கித் தாராளமாகத் தோய்த்தால் 11, 12 கிராம் சாக்லேட்டைச் சுமந்துகொண்டு வரும். சரியாக டெம்பர் செய்த (அதாவது உருக்கி, கிளறிக்கொண்டே சரியான வெப்பநிலைக்கு இறக்கிய) கூவர்ச்சரில், அதாவது கொக்கோ வெண்ணெய் அதிகமுள்ள சாக்லேட்டில், பாதி வரை மட்டும் தோய்த்து, வழிய விட்டு எடுத்தால் 4, 5 கிராம். 70 சதவீத சாக்லேட்டில் 5 கிராம் என்றால் 30 கலோரி, பழத்துக்கு 6. ஒரு துண்டு 36 கலோரியில் முடிந்துவிடும். மில்க் சாக்லேட் 12 கிராம் என்றால் ஒரே துண்டு 70 கலோரி, அதில் சர்க்கரை மட்டும் 7 கிராம் அளவுக்கு. பழம் ஒன்றுதான், கணக்கு இரட்டிப்பாகிறது.

சிப்ஸ் ஏன் தடிமனாக ஒட்டுகிறது? அடுப்பில் வேகும்போது உருவம் கலையக் கூடாது என்பதற்காகவே கொக்கோ வெண்ணெய் (கொக்கோ விதையின் கொழுப்பு) குறைவாகச் சேர்த்துச் செய்யப்படுபவை அவை. உருக்கினாலும் கெட்டியாகவே நிற்கும். கூவர்ச்சரில் கொக்கோ வெண்ணெய் 31 சதவீதமாவது இருக்கும். அதனால் ஓடும், வழியும், மெலிதாகப் படியும். சிப்ஸில் 200 கிராமுக்கு இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் இளகும். பூச்சின் எடையும் ஓரளவு குறையும். ஆனால் ஓடு மெத்தென்று ஆகிவிடும், விரல் பட்ட இடமெல்லாம் தடம் விழும். உடைகிற சத்தம் போச்சு. காம்பவுண்ட் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் டெம்பரிங் தேவையே இல்லை, உருக்கித் தோய்த்தால் போதும். அவசரத்துக்கு அது சரி. ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். எண்ணிச் சாப்பிடுகிற இனிப்பில் அந்த விட்டுக்கொடுப்பு தேவையா என்பது அவரவர் முடிவு.

பழத்தின் ஈரம்தான் பெரிய தலைவலி. ஸ்ட்ராபெரியின் தோலில் ஒவ்வொரு விதையும் ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். துணியால் ஒற்றினால் மேடுகள் காய்ந்துவிடும், குழிகளில் தண்ணீர் அப்படியே இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விதையைச் சுற்றி மினுமினுப்பது தெரியும். அந்த நிலையில் தோய்த்தால் அந்தந்த இடத்தில் சாக்லேட் ஒட்டாது, இறுகிய பிறகு சில்லுச் சில்லாகப் பெயரும். கழுவி, ஒற்றி, இலைப்பக்கம் கீழே படாதபடி டிஷ்யூ விரித்த தட்டில் படுக்க வைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விடுவது பலன் தருகிறது. இலைக்கு அடியிலும் நீர் தேங்கும், அங்கே தனியாக ஒற்ற வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. கிள்ளிய இடத்திலிருந்து சாறு வடிந்து சாக்லேட்டுக்குள் போகும். அடிபட்டு மெத்தென்று ஆன பழங்களை வெறுமனே சாப்பிட்டுவிடலாம். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு மேலும் பழுக்காது என்பதால், இலையை ஒட்டிய தோள்பட்டை வெள்ளையாக இருக்கும் பழத்தை வைத்திருந்து இனிப்பாக்கலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஒரே டப்பா பழத்தில் பாதியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும், மீதியை ஒரு மணி நேரம் வெளியே வைத்தும் தோய்த்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. குளிர்ந்த பழத்தில் சாக்லேட் தொட்ட மாத்திரத்தில் உறைகிறது, வழிய நேரமே இல்லை. அதனால் பூச்சு கூடுதல் கனமாகிறது. பழம் பிறகு அறை வெப்பத்துக்கு வரும்போது லேசாக விரிகிறது, ஓட்டில் மயிரிழைக் கீறல் விழுகிறது. அந்தக் கீறல் வழியாகச் சாறு முத்து முத்தாக எட்டிப் பார்க்கும். வெளியே வைத்த பழங்களில் பூச்சும் மெலிவு, கீறலும் மிகக் குறைவு.

இனி டெம்பரிங். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாம் வகைதான் பளபளப்பும் உடைகிற தன்மையும் தருவது. ஏறக்குறைய 34 டிகிரியில் உருகுவது. மற்றவை அமைந்தால் மங்கல், சாம்பல் நிறக் கோடுகள், கையில் உருகுதல். 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 140 கிராமை டபுள் பாய்லரில் (வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில்) 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி இறக்கவும். மேல் கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, தண்ணீர் தளதளவென்று கொதிக்கவும் கூடாது. கிண்ணத்தை எடுத்ததும் அடியைத் துடைத்துவிட வேண்டும். தோய்க்கும் கோப்பைக்கு மாற்றும்போது அங்கிருந்து சொட்டும் இரண்டு துளி போதும், மொத்தமும் ஈரமணலாகத் திரண்டுவிடும். அப்படித் திரண்டதைத் தோய்க்கப் பயன்படுத்த முடியாது. சூடான பால் விட்டு அடித்து சாஸ் ஆக்கலாம், அவ்வளவுதான்.

மிச்சம் 60 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறிக்கொண்டே 31, 32 டிகிரிக்குக் கொண்டு வரவும். மில்க் சாக்லேட்டுக்கு 29 முதல் 30, வெள்ளைக்கு 28 முதல் 29. கத்தி முனையைத் தோய்த்து வைத்தால் 20 டிகிரி அறையில் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக இறுக வேண்டும். கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு துண்டு போட்டுக் கிளறவும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் மைக்ரோவேவில் பாதி சக்தியில் 15 விநாடி, கிளறல், மறுபடி 15 விநாடி என்று போய், முக்கால்வாசி உருகியதும் நிறுத்திவிட்டுக் கிளறியே மீதியைக் கரைப்பது நம்பகமான வழி. சாக்லேட்டில் ஏற்கெனவே இருக்கும் நல்ல படிகங்கள் அழியாமல் நிற்கும். உதட்டில் ஒரு சொட்டு வைத்தால் சூடாகத் தெரியாமல் சற்றே குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும்.

பூச்சு மெலிவதற்கு இந்த வெப்பநிலையைப் பிடித்து வைத்திருப்பது ரொம்ப முக்கியம். 30 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் டார்க் சாக்லேட் கெட்டிப்பட ஆரம்பிக்கிறது. தட்டில் முதல் வரிசைப் பழங்கள் 5 கிராம், கடைசி வரிசை 8 கிராம் என்று வருவதற்கு அதுதான் காரணம். இதைத் தவிர்க்க, கோப்பையை வெதுவெதுப்பான ஈரமில்லாத துணியில் சுற்றி வைக்கலாம், அல்லது ஐந்து விநாடி மைக்ரோவேவில் வைக்கலாம். 34 டிகிரியைத் தாண்டினால் டெம்பர் கலைந்துவிடும், ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியதுதான்.

அகலக் கிண்ணம் வேண்டாம். குறுகிய, உயரமான கோப்பையில் 200 கிராமே நல்ல ஆழம் தரும். இருபது பழத்துக்கு அதில் பாதிதான் செலவாகும், மீதி ஆழத்துக்காக. இலைகளை மேலே கூட்டிப் பிடித்து, நேராக இறக்கி, எடுத்து, மூன்று நான்கு முறை மேலும் கீழுமாகச் சின்னதாக உதற வேண்டும். உதறல் நின்றபின் கோப்பையின் விளிம்பில் ஒரு பக்கத்தை வழித்து, வழித்த பக்கம் கீழே படும்படி பட்டர் பேப்பரில் வைத்து, ஒரு விரற்கடை தூரம் இழுத்து விட வேண்டும். இழுக்காவிட்டால் அடியில் சாக்லேட் குளம் கட்டி, பாதம் மாதிரி இறுகிவிடும். அந்தப் பாதம் மட்டுமே ஒரு கிராமுக்கு மேல். நறுக்கிய பிஸ்தா, நான்கு கல் உப்பு என்று எதைத் தூவுவதானாலும் மினுக்கம் மங்குவதற்குள் தூவ வேண்டும். வெள்ளைச் சாக்லேட் கோடுகள் அழகுதான், ஆனால் மெனக்கெட்டுக் குறைத்த கிராமைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

அறை 22 டிகிரிக்கு மேல் என்றால் பளபளப்பு மங்கத் தொடங்கியதும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஃபிரிட்ஜ். அதற்கு மேல் தேவையில்லை.

செய்த அன்றே சாப்பிடும்போதுதான் இது அருமை. நேரம் போகப் போக பழத்தின் நீர் ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே சேரும், பூச்சு கழன்று சுற்றும். ராத்திரி வைக்க வேண்டியிருந்தால் டப்பாவில் டிஷ்யூ விரித்து, ஒற்றை அடுக்காக, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுக்கும் முன் மூடியை இறுக்கிவிட்டு, 20 நிமிடம் கழித்துத் திறந்தால் வேர்வை டப்பாவின் மேல்தான் பூக்கும். திறந்த டப்பாவை அப்படியே வெளியே எடுத்தால் ஈரம் சாக்லேட் மேல் இறங்கிப் பிசுபிசுக்கும். காய்ந்ததும் சர்க்கரை வெள்ளையாகப் படியும். உறையவைப்பது வேண்டவே வேண்டாம். உருகினால் பழம் கூழாகும்.

கோப்பையில் மிஞ்சிய சாக்லேட்டில் பழச்சாறு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைப் புதுச் சாக்லேட்டோடு சேர்க்காமல் பட்டர் பேப்பரில் ஊற்றி இறுக விட்டு, தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடான பாலில் கரைத்துச் சீக்கிரமே தீர்த்துவிடலாம்.