மெதுவாக நடப்பவனை முன்னால் விட்ட ஆசிரியர்

1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரிச் சாரணர் குழு சிவனொளிபாத மலைக்குச் சென்றபோது எனக்கு வயது பதினைந்து. யாழ்ப்பாணத்துச் சமதரையில் வளர்ந்த எங்களுக்கு, 2,243 மீற்றர் உயரமான அந்த மலையின் படிகள் ஓட்டப்பந்தயத் திடலாகவே தோன்றின. நல்லதண்ணியில் இரவு புறப்படும்போதே ஓடத் தொடங்கிய எங்களை மறித்த சாரண ஆசிரியர், குழுவில் மிக மெதுவாக நடக்கும் மாணவனை வரிசையின் முன்னால் நிறுத்தி, “இவனை ஒருத்தரும் முந்தக் கூடாது” என்று மட்டும் சொன்னார். மனத்துக்குள் அவரை நொந்துகொண்டே ஏறினோம். ஆனால் சூரியன் உதித்து, மலையின் முக்கோண நிழல் மேற்கே மூடுபனியின் மீது நீண்டு விழுந்தபோது, ஒருவர் குறையாமல் எல்லோரும் அங்கே நின்றிருந்தோம்.

அவர் செய்ததன் காரணம் எனக்கு விளங்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 2018 ஜூன் மாதத்தில் உறவினர் ஐவருடன் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில் இறங்கினேன். சிவனொளிபாத உச்சிக்கு ஏறத்தாழ ஒத்த உயரத்தில் தொடங்கும் தெற்குக் கைபாப் பாதை, 11 கிலோமீற்றருக்குள் 1,400 மீற்றருக்கு மேல் இறங்கிக் கொலராடோ ஆற்றை அடைகிறது. வழியில் குடிநீர் கிடையாது. மலையில் களைப்பு முதலில் வரும், முடியாதவன் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கிலோ இறக்கம் முதலில் வந்து உடலை ஏமாற்றிவிடுகிறது. ஏற்றம் காத்திருப்பது களைத்த கால்களுக்காகவே. கீழே போகப் போக வெப்பமும் கூடுகிறது. ஆற்றோரத்தில் தெரியும் கரிய பாறை ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள் பழமையானது. அதற்குப் புவியியலாளர் ‘விஷ்ணு’ என்று பெயரிட்டிருப்பதை அறிந்தபோது மெய்சிலிர்த்தது. அன்றிரவு அங்கே கூடாரமடித்துத் தங்கியபோது, சாரண ஆசிரியரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மறுநாள் விடியுமுன் பிரைட் ஏஞ்சல் பாதையால் ஏறத் தொடங்கினோம். கோடையில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயிலில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரித்திருந்தும், நிழல் மரங்கள் நிறைந்த ஹவாசுப்பாய் தோட்டத்தில் நான் தங்க மறுத்தேன். (தங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஹவாசுப்பாய் மக்களின் பெயர் 2022இல்தான் அந்த இடத்துக்குச் சூட்டப்பட்டது, அது மிகவும் தாமதமாக வந்த நீதி என்றே கருதுகிறேன்.) இளையவர்களுக்கு ஈடுகொடுக்க விரும்பி, உணவைத் தவிர்த்துத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு விரைந்தேன். வியர்வையோடு உப்பும் வெளியேறிக்கொண்டிருக்க, வெறும் தண்ணீரையே குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, தலைசுற்றலும் வாந்தியும் தொடங்கி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனக்குத் தலை சுழன்றது. கற்சுவரைப் பிடித்தபடி அமர்ந்துவிட்டேன்.

என் மருமகள் என்னை நிழலுக்கு அழைத்துச் சென்று, சட்டையை நனைத்துவிட்டு, உப்பு பிஸ்கட்டை ஒவ்வொன்றாகத் தின்னக் கொடுத்தாள். வெயில் தணியும்வரை எல்லோரும் அங்கேயே இருந்தோம். எழுந்தபோது நான் வழக்கம்போலப் பின்னால் ஒதுங்கினேன், அவள் விடவில்லை.

“நீங்கள் முன்னுக்குப் போங்கோ மாமா. உங்களை ஒருத்தரும் முந்தமாட்டினம்.”

என் நடைக்கு ஏற்ப நடந்து, இருட்டிய பின்னர் ஆறு பேரும் விளிம்பை அடைந்தோம்.