மூன்று வாரம்

காதில் இல்லாத குரல்கள் கேட்கிற அண்ணனுக்கு, அதை அடக்கும் ஹாலோபெரிடால் மாத்திரை ஆரம்பித்த 11-ஆம் நாள் அம்மா மாத்திரை அட்டையை என் கையில் திணித்தாள். "பதினோரு நாள் ஆவுது. இன்னும் காதுல பேசுதுன்னுதான் சொல்றான். இது வேணாம்டி, நிறுத்திடலாம்."

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் எங்கள் வீடு. கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் யாரோ பெயர் சொல்லித் திட்டுவதாக அண்ணன் காதைப் பொத்திக்கொள்வான். மருந்து எழுதிக் கொடுத்த இடத்தில், குணம் தெரிய எவ்வளவு நாள் ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் டெக்னீஷியன். தினமும் தலையில் பேஸ்ட் வைத்து 21 லீட் ஒட்டுகிறவள். எனக்கும் பதில் தெரியவில்லை. அன்றிரவு தேடித் தேடிப் படித்ததில் எலிகளிடம் போய்ச் சேர்ந்தேன்.

நான் எடுப்பது தலைக்கு வெளியே கேட்கிற மொத்த இரைச்சல். எலிகளில் மெல்லிய கண்ணாடி ஊசியை உள்ளே இறக்கி ஒற்றைச் செல்லின் துடிப்பையே கேட்டிருக்கிறார்கள். ஹாலோபெரிடாலை முதல் தடவை கொடுத்ததும், டோபமின் என்ற ரசாயனத்தால் சேதி அனுப்பும் மூளைச் செல்கள் அடங்கவில்லை, முன்னைவிட வேகமாகத் துடித்தன. டோபமின் போய்ச் சேரும் இடத்தை மருந்து அடைப்பதால், செல்கள் இன்னும் அதிகமாக அனுப்பப் பார்க்கின்றன. தினமும் கொடுத்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவை மௌனம். 1978-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியது இது. மருந்தின் குணம் தெரிய நாளாவது இதனால்தானோ என்று தோன்றியது.

செல்கள் செத்துப்போகவில்லை. வழக்கமாக இதே செல்களை அடக்குகிற அபோமார்ஃபினைக் கொடுத்ததும் மறுபடி துடித்தன. எனக்கு மெய்சிலிர்த்த இடம் அதுதான். ஒரு துடிப்பு முடிந்து மின்னழுத்தம் கீழே இறங்கினால்தான் அடுத்தது எழும். ஓயாத தூண்டலில் அது இறங்காமல் மேலேயே நின்றுவிடுகிறது. அபோமார்ஃபின் அதைக் கீழே இறக்கியதும் துடிப்பு திரும்பியது. அம்மாவிடம் நம் கேட்டை வைத்துத்தான் சொன்னேன்: "வண்டி மேல வண்டி வந்துக்கிட்டே இருந்தா கேட்டைத் திறக்க முடியுமா? அந்த மாதிரிம்மா."

இது மயக்க மருந்து கொடுத்த எலிகளில் பார்த்தது. மயக்கம் கொடுக்காத எலிகளில் அந்த மௌனம் வரவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. மனிதர்களில் முதல் வாரத்திலேயே கொஞ்சம் மாற்றம் தொடங்குவதுண்டு. அம்மாவிடம் அதையும் மறைக்கவில்லை. சரி, மூன்று வாரம் பார்ப்போம் என்றாள்.

பார்த்தோம். குரல்கள் குறைந்தன, போகவில்லை. கை நடுங்கியது, உடம்பு விறைத்தது, சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டியிருந்தது. அடுத்து ஒரு மருந்து மாற்றியும் சரிப்படாமல் க்ளோசபினுக்கு வந்தோம். அதற்கும் எலிகளிடம் ஒரு பதில் இருந்தது. 1983-ல் வந்த ஆய்வுகளில், ஹாலோபெரிடால் இரண்டு டோபமின் கூட்டங்களையும் அடக்கியது. க்ளோசபின் உணர்ச்சிப் பகுதிகளுக்குப் போகும் கூட்டத்தை மட்டும் அடக்கி, உடல் அசைவுக்கு உதவும் கூட்டத்தை விட்டுவைத்தது. அண்ணன் இப்போது தன் பொத்தானைத் தானே போடுகிறான்.

க்ளோசபினுக்கு வேறு கவலைகள் உண்டு. வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும். டோஸ் ஏற ஏற வலிப்பு வரும் வாய்ப்பும் ஏறும். அதனால் டாக்டர் சொல்லி அண்ணனுக்கு நானே ஈஈஜி எடுத்தேன். பின்மண்டையில் நொடிக்கு 8 தடவைக்கு மேல் ஓட வேண்டிய அலை இழுத்து இழுத்து ஓடியது. நடுநடுவே மெதுவான தீட்டா அலைகள். க்ளோசபின் சாப்பிடுகிறவர்களிடம் இது அடிக்கடி தெரிவதுதான். வலிப்பின் அறிகுறியான கூர்முனைகள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போன வாரம் டோஸ் கூட்டியிருக்கிறார்கள். வருகிற செவ்வாய் மறுபடி எடுக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.