எச்பிவி பாசிட்டிவ் வந்த பிறகு ஒரு வருஷம்

கல்யாணமாகி ஒன்றரை வருஷம், வயது 27. வெள்ளைப்படுதல் என்று அண்ணா நகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன், எதற்கும் இருக்கட்டும் என்று கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் டெஸ்ட் எடுத்தார். லேசான மாற்றம் என்று வர, எச்பிவி டெஸ்டும் எடுத்ததில் பாசிட்டிவ். எச்பிவி என்பது உடலுறவில் பரவும் வைரஸ், அதில் சில வகைகள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். லேப் கவுன்டரில் இருந்தவர் அதைச் சத்தமாகப் படித்துத்தான் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

அப்புறம் கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது. வலி பெரிதாக இல்லை. வினிகர் வாடை, கொஞ்சம் எரிச்சல், ஒரு நிமிஷத்தில் திரையில் இளஞ்சிவப்புக்கு நடுவே சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அங்கிருந்து துளி சதை எடுத்தார்கள். பயாப்ஸியில் சிஐஎன் 1, ஆரம்ப மாற்றம்தான். வைரஸும் 16, 18 வகை இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் அந்த இரண்டால்தான் வருகிறது என்பதால் பாதி உயிர் திரும்பி வந்தது.

மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், "இதுக்கு மருந்து கிடையாதும்மா, உங்க உடம்பே பாத்துக்கும், ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றார். எனக்குக் கோபமே வந்தது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்றாவது பார்க்கலாமே என்றேன். அப்போதுதான் பொறுமையாக விளக்கினார். இந்த வைரஸ் கர்ப்பப்பை வாயின் மேல்தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவதில்லை, செல்லை உடைப்பதும் இல்லை, அதனால் காய்ச்சல் கிடையாது, வீக்கம் கிடையாது, உள்ளே ஆள் வந்திருப்பதே உடம்புக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. பல பெண்களுக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமே உருவாகாது, உருவானாலும் கொஞ்சம்தான். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆனால் 10 பேரில் 9 பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் போய்விடுகிறது.

தடுப்பூசி இதைப் போக்காது. அதில் இருப்பது வைரஸின் வெளிக்கூடு மட்டும், அது கிளப்பும் ஆன்டிபாடி வைரஸை வாசலிலேயே மறிக்கும், உள்ளே புகுந்ததை விரட்டாது. மற்ற வகைகளுக்காக மூன்று டோஸும் போட்டுக்கொண்டேன்.

யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி வீட்டில் வரத்தானே செய்யும். டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். சிகரெட் பிடிக்கிற பெண்களுக்கு இது போக நாளாகும் என்றும் சொன்னார். நான் பிடிப்பதில்லை, ஆனால் பால்கனியில் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அன்றோடு விட்டார்.

அம்மாவிடம் மட்டும் ஆறு மாசம் சொல்லவில்லை. சொன்னதும், "அப்போ கேன்சரா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது: நெகட்டிவ், பாப்பும் நார்மல். தொடர்ந்து டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும், சரி. நாத்தனார் பெண்ணுக்கு 12 வயது. 15க்குள் என்றால் இரண்டு டோஸே போதும், வருகிற சனிக்கிழமை முதல் ஊசிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.