அழித்துக் கட்ட முடியாதவை: கிளவுட் கருவிகளோடு பிளாக்செயின் வேலை

கிளவுடில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். சர்வர் மக்கர் செய்தால் அதை நோண்டிக்கொண்டு உட்கார மாட்டோம். தூக்கிப் போட்டுவிட்டு, கட்டமைப்பைக் கோடாக எழுதி எழுப்பும் கருவியான டெர்ராஃபார்மை மறுபடி ஓட்டினால் சில நிமிடங்களில் புதிதாக ஒன்று எழுந்துவிடும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் அடிப்படையும் இதுவேதான். பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற நிறுவனப் பிளாக்செயினை அதே கருவிகளால் கட்டும்போது முதலில் உதைப்பது இந்தப் பழக்கம்தான். கையெழுத்திடும் ரகசியச் சாவியான பிரைவேட் கீ, பரிவர்த்தனைப் பேரேடான லெட்ஜர் இருக்கும் டிஸ்க், மற்ற நிறுவனங்கள் கொடுத்த ஒப்புதல் ஆகிய மூன்றும் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் திரும்பி வராதவை. எதைத் தைரியமாக அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரித்துக்கொள்வதில்தான் இந்த வேலையின் வடிவமைப்பு தொடங்குகிறது.

அதனால் டெர்ராஃபார்ம் தான் கட்டியவற்றைக் குறித்துவைக்கும் ஸ்டேட்டை ஒரே குவியலாக வைக்கக் கூடாது. நெட்வொர்க்கும் கிளஸ்டரும் ஒரு ஸ்டேட்டில் இருக்கட்டும். டிஸ்க், கேஎம்எஸ் (கிளவுடின் சாவி மேலாண்மைச் சேவை) சாவி, டிஎன்எஸ் பெயர்கள் இன்னொன்றில். இரண்டாவதற்கு அழிப்புத் தடை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தடை வரி ரிசோர்ஸின் உள்ளே இருக்கிறது. யாராவது அந்த ரிசோர்ஸ் பிளாக்கையே கோடிலிருந்து நீக்கினால் தடையும் கூடவே போய்விடும், அடுத்த ஓட்டத்தில் டிஸ்க்கும் போய்விடும். கிளவுட் பக்கத்திலேயே தனியாக ஒரு பூட்டுப் போடுவது அவசியம். குபர்னெட்டிஸில் தானாக உருவாகும் வால்யூம்களுக்கு, தேவை முடிந்ததும் டிஸ்க்கை என்ன செய்வது என்று சொல்லும் ரீகிளெய்ம் பாலிசி இயல்பாகவே ‘டெலிட்’ என்றுதான் இருக்கும். பியரும் (லெட்ஜரை வைத்திருந்து பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் நோடு) ஆர்டரரும் (அவற்றை வரிசைப்படுத்தி பிளாக்காக்கும் நோடு) பயன்படுத்தும் ஸ்டோரேஜ் கிளாஸில் அதை ‘ரீட்டெய்ன்’ என்று மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

சாவிகளைப் பொறுத்தவரை விதி இன்னும் கறாரானது. டெர்ராஃபார்மின் டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) ப்ரொவைடரில் பிரைவேட் கீ உருவாக்கினால், அது ஸ்டேட் ஃபைலில் மறையாக்கம் இல்லாமல் அப்படியே எழுதப்படும். ஸ்டேட் இருக்கும் பக்கெட்டைப் படிக்க அனுமதி உள்ள எவரும் உங்கள் நிறுவனத்தின் அட்மினாகக் கையெழுத்திட்டுவிடலாம். சாதாரணச் செயலியில் இது ஒரு பாதுகாப்புக் குறை; பாஸ்வேர்டை மாற்றினால் தீரும். லெட்ஜரில் ஏறிய கையெழுத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை. சாவி பிறக்கும் இடமும் தங்கும் இடமும் கேஎம்எஸ் அல்லது ஹெச்எஸ்எம் என்ற சாவிக்கான பாதுகாப்பு வன்பொருளாக இருப்பதே சரி.

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபேப்ரிக் வழக்கமாகப் பயன்படுத்துவது பி-256 என்ற கணித வளைவில் ஈசிடிஎஸ்ஏ முறை டிஜிட்டல் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் ஆர், எஸ் என்று இரண்டு எண்கள் வரும். எஸ் என்பது வளைவின் வரிசை எண்ணில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஃபேப்ரிக் வற்புறுத்துகிறது. பொதுவான கேஎம்எஸ்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது தரும் கையெழுத்துகளில் ஏறக்குறைய பாதி இந்த வரம்பை மீறியே இருக்கும். விளைவு, ஒரே கோடு, ஒரே சாவி, ஆனால் ஒரு பரிவர்த்தனை போகும், அடுத்தது போகாது. கிளையண்ட்டுக்கு வருவதோ அணுகல் மறுப்பு என்ற பொதுவான செய்தி. உண்மையான காரணம் பியரின் லாக்கில்தான் இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறு என்றதும் எல்லோரும் நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார்கள். தீர்வு சில வரிதான்: கேஎம்எஸ் தரும் டெர் என்ற பைனரி வடிவத்தைப் பிரித்து, எஸ் பெரிதாக இருந்தால் வரிசை எண்ணிலிருந்து அதைக் கழித்து, மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். எத்தேரியத்திலும் 2016-இன் ஹோம்ஸ்டெட் மாற்றத்திலிருந்து இதே விதி உண்டு. அங்கே வளைவு வேறு என்பதால் சாவி உருவாக்கும்போதே செக்ப்256கே1 (secp256k1) வளைவு வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆர்டரர்கள் பக்கம் வந்தால், பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் ராஃப்ட் முறையில் 5 ஆர்டரர் இருந்தால் 2 விழுந்தாலும் வேலை ஓடும். இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்பவர்களும் அந்த ஐந்தை இரண்டே ஸோனில் (கிளவுடின் தனித்தனி டேட்டா சென்டர் பகுதி) வைத்துவிடுவதுண்டு. மூன்று இருக்கிற ஸோன் படுத்தால் பெரும்பான்மை போயிற்று. இரண்டு, இரண்டு, ஒன்று என மூன்று ஸோனில் பரப்ப வேண்டும். கிளவுட் நிறுவனம் கிளஸ்டரைத் தானாக மேம்படுத்தும்போது நோடுகளை வரிசையாகக் காலி செய்யும். ஒரு நேரத்தில் ஒரு ஆர்டரருக்கு மேல் எடுக்காதே என்று பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் எழுதி வைக்காவிட்டால் பராமரிப்பு நேரமே கோளாறு நேரமாகிவிடும். அதுவும் போதாது. ஹெல்த் செக் பச்சை காட்டுவதால் மட்டும் அந்த ஆர்டரர் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டது என்று பொருளில்லை. அடுத்ததைத் தொடும் முன் ராஃப்ட் மெட்ரிக்கில் செயலில் உள்ள நோடுகளின் எண்ணிக்கை முழுதாக வந்துவிட்டதா, சேனலின் (நிறுவனங்கள் பகிரும் தனி லெட்ஜர்) பிளாக் உயரம், அதாவது பிளாக் எண்ணிக்கை, சமமாகிவிட்டதா என்று தானியக்கப் பைப்லைனே பார்க்கட்டும்.

தானியக்கம் நேரடியாகவே உண்டாக்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஃபேப்ரிக் சிஏ தரும் சான்றிதழுக்கு இயல்பான ஆயுள் ஓராண்டு. கையால் ஒவ்வொன்றாக நிறுவிய காலத்தில் தேதிகள் சிதறிக் கிடந்தன. பைப்லைன் ஒரே ஓட்டத்தில் ஐந்து ஆர்டரரையும் எழுப்புவதால் ஐந்தின் டிஎல்எஸ் சான்றிதழும் ஒரே நாளில், சில நிமிட இடைவெளியில் காலாவதியாகும். அன்றைக்கு ஆர்டரர்கள் ஒன்றையொன்று நம்பாது. தலைவர் தேர்வு நடக்காது. புதிய சான்றிதழைச் சேனல் கட்டமைப்பில் ஏற்றலாமென்றால் அதற்கும் ஒரு பிளாக் உருவாக வேண்டும்; பிளாக் உருவாக்க ஆர்டரர்கள் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, ஆர்டரரின் கிளஸ்டர் அமைப்பில் டிஎல்எஸ் கைகுலுக்கல் நேரத்தைப் பின்னால் தள்ளும் வசதி இருக்கிறது. அதற்கு ஆர்டரர்களுக்கு இடையிலான பேச்சுக்குத் தனி லிஸனர் (இணைப்பு வாங்கும் போர்ட்) வைத்திருக்க வேண்டும். அந்த நிலைக்குப் போகாமலிருக்க, நிறுவிய சில வாரங்களிலேயே ஆர்டரர்களின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்துத் தேதிகளை வேண்டுமென்றே சிதறடித்துவிட வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பே எச்சரிக்கை அடிக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

செயின்கோடு, அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரலின் வெளியீட்டில்தான், கோடைத் தானாகக் கட்டி வெளியிடும் வழக்கமான சிஐ சிடி சிந்தனை திணறும். 2020 ஜனவரியில் வந்த ஃபேப்ரிக் 2.0 முதல் பொட்டலம் கட்டுதல், பியரில் நிறுவுதல், நம் நிறுவனத்தின் சார்பில் ஒப்புதல், தயார்நிலைச் சரிபார்ப்பு, கமிட் என்று படிகள் இருக்கின்றன. ஒப்புதல் வரை நம் பைப்லைன் ஓடலாம். அதன் பிறகு நிற்கத்தான் வேண்டும். மற்ற நிறுவனங்களின் அட்மின் சாவியையும் வாங்கி ஒரே பைப்லைனில் போட்டு ‘முழுத் தானியக்கம்’ என்று காட்டுவது சோதனைச் சூழலுக்குச் சரி. உற்பத்தியில் அப்படிச் செய்தால் அங்கே இருப்பது பிளாக்செயின் இல்லை, மெதுவாக ஓடும் ஒரு டேட்டாபேஸ். தயார்நிலையை அவ்வப்போது கேட்டுப் பார்த்து, சேனல் விதிக்குத் தேவையான ஒப்புதல் சேர்ந்ததும் கமிட் செய்யும் தனி வேலையாக அதை எழுதுவதே முறை.

பொட்டலத்தின் அடையாள எண்ணில் அதன் உள்ளடக்கத்தின் ஹாஷ் (கைரேகை போன்ற எண்) இருக்கும். ஒரே கோடை இரண்டு முறை கட்டினால் இரண்டு அடையாளம் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். பொட்டலமாகச் சேர்க்கும் டார் கோப்பில் பதியும் நேரமும் கோப்பு வரிசையும், அதைச் சுருக்கும் ஜிஸிப்பின் தலைப்பும் மாறுவதே காரணம். கோப்பு வரிசை, நேரம், உரிமையாளர் மூன்றையும் நிலைப்படுத்தி, ஜிஸிப்பில் பெயரும் நேரமும் பதியாமல் கட்ட வேண்டும். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு டார் இருப்பதால் இரண்டுக்கும் செய்ய வேண்டும். குபர்னெட்டிஸில் பலரும் செயின்கோடைத் தனிச் சேவையாக ஓட்டுகிறார்கள். அப்போது சிக்கல் தலைகீழாகும். பொட்டலத்தில் முகவரி மட்டுமே இருக்கும். கன்டெய்னர் இமேஜை மாற்றினாலும் அடையாளம் மாறாது. எதற்கு ஒப்புதல் கொடுத்தார்களோ அது ஓடவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் போகலாம். இமேஜின் ஹாஷான டைஜெஸ்ட்டைப் பொட்டலத்தின் லேபிளில் சேர்த்துவிட்டால் கோடு மாறும்போதெல்லாம் ஒப்புதல் புதிதாகத் தேவைப்படும். கொஞ்சம் தொந்தரவுதான், ஆனால் ஒப்புதலுக்கு மதிப்பு இருப்பதே அதனால்தான்.

பியர்களுக்கு முன்னால் லோட் பேலன்ஸர் வைத்தால் டிஎல்எஸ்ஸை நடுவில் பிரிக்காமல் அப்படியே கடத்திவிடுங்கள். நிகழ்வுகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜிஆர்பிசி இணைப்பு இரவில் சும்மா இருக்கும்போது அறுந்துவிடும்: அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்ஸரில் இயல்பான வரம்பு 350 விநாடி, அஸூரில் 4 நிமிடம். கீப்அலைவ் போட்டால் சரியாகிவிடும் என்று 30 விநாடிக்கு ஒரு பிங் வைத்தால் பியரே இணைப்பைத் துண்டிக்கும், ஏனென்றால் அது அனுமதிக்கும் குறைந்தபட்ச இடைவெளி 60 விநாடி. 120 விநாடி என்பது இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போகும்.

ஆட்டோஸ்கேலிங்கைப் பியர்களுக்குப் போடுவதில் பயனில்லை. எல்லாப் பியரும் எல்லா பிளாக்கையும் சரிபார்த்தாக வேண்டும். பியரைக் கூட்டினால் படிப்பதற்கு உதவும், எழுதும் வேகம் கூடாது. சுமை ஏறும்போது எம்விசிசி முரண்பாடு (படித்த மதிப்பு எழுதும் முன் மாறிவிட்டதால் வரும் நிராகரிப்பு) குவிந்தால், பலரும் லெட்ஜரில் ஒரே கீயை (தரவின் பெயர், சாவி அல்ல) திருத்துகிறார்கள் என்று அர்த்தம். இருப்புத் தொகையை ஒரு கீயில் வைக்காமல் வரவு செலவை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனிக் கீயாக எழுதிப் பிறகு கூட்டிக்கொள்ளும்படி செயின்கோடை மாற்றுவதே மருந்து.

முழுதும் நிர்வகிக்கப்பட்ட சேவையை எடுப்பவர்கள் வெளியேறும் வழியை முதல் நாளே பார்த்துவைக்க வேண்டும். அஸூர் பிளாக்செயின் சர்வீஸ் 2021 செப்டம்பர் 10-இல் மூடப்பட்டது. அமேசானின் லெட்ஜர் டேட்டாபேஸான கியூஎல்டிபிக்கான ஆதரவு 2025 ஜூலை 31-இல் முடிந்தது. பிளாக்குகளை நம் டிஸ்கில் எடுக்க முடியுமா, சாவிகள் யார் கையில் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

பேக்கப்பிலும் எல்லா டிஸ்கையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. பியரின் ஸ்டேட் டேட்டாபேஸை (கீகளின் தற்போதைய மதிப்புகள்; டெர்ராஃபார்ம் ஸ்டேட் அல்ல) பேக்கப்பிலிருந்து எடுக்காமல் விட்டாலும் பரவாயில்லை, பிளாக்குகளிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். அதையும் பிளாக் கிடங்கையும் வெவ்வேறு நேரத்து ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்தால்தான் வம்பு. ஸ்டேட் முன்னேயும் பிளாக் பின்னேயும் இருந்தால் பியர் கிளம்பாது. நம் நிறுவனம் மட்டுமே வைத்திருக்கும் பிரைவேட் டேட்டா வேறு யாரிடமிருந்தும் வராது என்பதால் பேக்கப்பில் முதலிடம் அதற்கு. ஆர்டரரைப் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பவே கூடாது. ஏற்கெனவே போட்ட வாக்கையும் ஏற்றுக்கொண்ட பதிவுகளையும் அது மறந்திருக்கும், ராஃப்ட்டோ எதையும் மறக்காத நோடுகளை நம்பித்தான் இயங்குகிறது. அந்த ஆர்டரரைச் சேனலிலிருந்து நீக்கி, காலி டிஸ்க்கோடு புதிய உறுப்பினராகச் சேர்த்து, மற்றவர்களிடமிருந்து அது பிளாக்குகளை இழுத்துக்கொள்ள விட வேண்டும்.