இட்லி மாவு வியாபாரம்: கணக்கு தப்புவது ரிட்டர்னில்

முதல்முறை தொழில் தொடங்குபவர்கள் கிரைண்டர் விலையை விசாரிக்கும் அக்கறையில் பாதியாவது ரிட்டர்னுக்கு, அதாவது கடையிலிருந்து விற்காமல் திரும்பி வரும் பாக்கெட்டுகளுக்குக் காட்ட வேண்டும். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து. 5 கிலோ தானியம் ஊறி அரைபட்டால் சுமார் 10 கிலோ மாவு. இதுவரை எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள்.

மாவு கவருக்குள்ளும் புளிக்கும். நொதிக்கும்போது வரும் வாயுவால் கவர் பலூன் மாதிரி உப்பி, ஓர ஒட்டு விட்டுவிடும். பெரும்பாலும் காரணம், உளுந்து அரைக்கும்போது கல் சூடேறுவது, அல்லது கடைக்காரர் ராத்திரி ஃபிரிட்ஜை அணைப்பது. ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், புளிக்குமுன் பாக்கெட் போட்டு உடனே குளிரூட்டுங்கள். ஃபிரிட்ஜை அணைக்கும் கடைக்கு ஒரு நாள் விற்கும் அளவே கொடுங்கள்.

100 பாக்கெட்டில் 8 திரும்பினால், அந்த 100 பாக்கெட்டின் மொத்த அடக்கவிலையை 92 ஆல் வகுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விலை வைப்பதுதான் பெரிய தவறு. கடைகளுக்குக் கொடுக்கும் கடன் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு விற்பனைக்கு முன்பே கட்டாயம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம். தரகருக்குக் காசு தராதீர்கள். கவரில் எடை, தயாரித்த தேதி, எம்ஆர்பி தெளிவாக இருக்கட்டும்.