'காரணம்'னு ஒரு கட்டம்

விவசாய வேலைல அடிபடறத தடுக்கறது பத்தின ஒரு ஆராய்ச்சிக்காக உடுமலைப் பக்கம் ஊர் ஊரா போய் ஃபார்ம் நிரப்புற வேலை பாத்தேன். அடிபட்டவங்க வீட்டுத் திண்ணைல உக்காந்து எப்ப, எங்க, எந்த மெஷின்னு கேட்டு எழுதணும், கடைசில 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கும், முதல் ஒரு மாசம் பூரா அதுல 'கவனக்குறைவு'ன்னுதான் எழுதிட்டு இருந்தேன், ஏன்னா அவங்களே அப்படித்தான் சொல்லுவாங்க.

ஒரு அக்கா. மக்காச்சோளம் அடிக்கறப்ப டிராக்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல சுத்துற ஷாஃப்ட்ல முந்தானை மாட்டி வலது கை ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு, பிளேட் வச்சும் கை தோளுக்கு மேல ஏறல, இப்ப தலை பின்னி விடறது மகதான். "என் தப்புதாங்க தம்பி, சேலைய இழுத்துச் சொருகாம போயிட்டேன்"ன்னாங்க. நானும் எழுதப் போனேன், அப்பதான் மாட்டுக் கொட்டாய் ஓரத்துல மஞ்சக் கலர் பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு கெடந்தத பாத்தேன். அந்த ஷாஃப்ட்டோட மூடி! கொழுந்தனார் டிராக்டர்தான், அவர்கிட்ட கேட்டா, "கிரீஸ் அடிக்கணும்ங்க, மூடி இருந்தா கிரீஸ் கன் உள்ள போறதில்ல, கழட்டுனது அப்படியே கெடக்குது"ங்கறார்.

அந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது செகண்டுக்கு 9. துணி மாட்டுனது நமக்கு உறைக்கறதுக்குள்ள சேலை பாதி சுத்திருக்கும், இதுல எங்கருந்து கவனமா இருக்கறது?

கவனமா இருங்கன்னு போஸ்டர் ஒட்டறதுல எனக்கு அன்னிக்கே நம்பிக்கை போயிடுச்சு. ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டருக்கெல்லாம், கவுந்தாலும் ஓட்டறவர் நசுங்காத மாதிரி ஃப்ரேம் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, டிராக்டர் கவுந்து சாகறது அங்க அதுக்கப்புறம் ரொம்பவே கொறஞ்சுது. நம்ம ஊர் கதிரடிக்கிற மெஷினுக்கும், கதிர் விடுற தட்டு 90 செ.மீ. நீளம் இருக்கணும், அதுல 45 செ.மீ.க்காவது மேல்பக்கம் மூடி இருக்கணும்னு ஐஎஸ்ஐ அளவு இருக்கு, உள்ள சுத்தி கதிரடிக்கிற டிரம்ம கை எட்டவே கூடாதுன்னு வச்ச அளவு. ஆனா நான் பாத்த சில மெஷின்ல அந்தத் தட்டு முழங்கை நீளம்கூட இல்ல.

ஆபீஸ்ல சொன்னேன். ஃபார்ம்ல ரெண்டு வரி புதுசா சேத்தாங்க: மூடி இருந்துச்சா, இல்லன்னா எதுக்காக கழட்டுனாங்க. பழைய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனோம். அக்கா வீட்டுக்குப் போனப்ப அந்த மஞ்சக் குழாய் கொட்டாய்ல இல்ல, கிரீஸ் கன் நுழையற அளவுக்கு சின்னதா ஒரு ஓட்டை போட்டு, கொழுந்தனார் அத ஷாஃப்ட்லயே திரும்ப மாட்டி வச்சிருந்தார்.